எகிப்து 2013: மக்கள் புரட்சியா, இராணுவச் சதிப்புரட்சியா? பிள்ளைக்கு எதைச் சொல்வது?

பனங்கூடல்:

வணக்கம். கேள்வி என் பெறாமகளுடையது, தலையிடி என்னுடையது.

உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கிறாள். பாடசாலை விவாத அணியில் மூன்றாவது பேச்சாளர். அடுத்த சுற்றுக்குத் தலைப்பு வந்திருக்கிறது: "வாக்கால் வந்த தலைவரை வீதியில் இறங்கி அனுப்புவதும் ஜனநாயகமே." ஒட்டிப் பேசுவதா வெட்டிப் பேசுவதா என்பது அன்று காலையில் நாணயம் சுண்டிய பிறகுதான் தெரியும். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் ஆயத்தம் செய்ய வேண்டும். 2022இல் கொழும்புக் காலிமுகத்திடலில் நடந்த போராட்டத்தை எல்லா அணியும் தூக்கிக்கொண்டு வரும், நடுவருக்குக் கொட்டாவி வந்துவிடும் என்று சொல்லி இவள் எகிப்தைப் பிடித்துக்கொண்டாள்.

நான் முப்பத்தொரு வருடம் கச்சேரியில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன். ஒரு விடயத்துக்குத் தலைப்பு இல்லாமல் கோப்புத் திறக்க முடியாது என்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சண்டையே அதில்தான். அவள் கொப்பியில் "மக்கள் புரட்சி" என்று எழுதியிருந்தாள். நான் வெட்டி "இராணுவச் சதிப்புரட்சி" என்று போட்டேன். மறுநாள் பார்த்தால் என் எழுத்தின் மேல் வெள்ளை மை. மூன்று தரம் இப்படி நடந்து, அந்த இடம் இப்போது பப்படம் மாதிரித் தடித்துப்போய்க் கிடக்கிறது.

இருவரும் ஒத்துக்கொள்கிற சங்கதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். முகமது முர்ஸி 2012 ஜூனில் நூற்றுக்கு 51.7 வாக்கு எடுத்து ஜனாதிபதியானார். அந்த நாட்டில் சுதந்திரமான தேர்தல் ஒன்றில் வென்று வந்த முதல் ஜனாதிபதி. நவம்பரில் தன் ஆணைகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று பிரகடனம் செய்தார். அடுத்த வசந்தத்தில் இளையவர்கள் சிலர் "தமரூத்", அதாவது கிளர்ச்சி, என்ற பெயரில் கையெழுத்து வேட்டையைத் தொடங்கினார்கள். துண்டிலே ஒவ்வொரு குறையாக எழுதி, ஒவ்வொன்றின் முடிவிலும் "எங்களுக்கு நீ வேண்டாம்" என்று அச்சிட்டிருந்தார்களாம். 2 கோடி 20 இலட்சம் கையெழுத்து சேர்ந்தது என்றார்கள். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. முர்ஸி பதவியேற்று ஒரு வருடம் நிறைந்த 2013 ஜூன் 30இல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கம் நிரம்பி வழிந்தது. மறுநாள் இராணுவம் 48 மணித்தியாலக் கெடு கொடுத்தது. ஜூலை 3 இரவு முர்ஸி ஜனாதிபதி இல்லை.

அவளுடைய வாதம் எளியது. அவருக்கு விழுந்த வாக்கு 1 கோடி 32 இலட்சம், வேண்டாம் என்ற கையெழுத்து அதைவிட அதிகம், பிறகென்ன கதை என்கிறாள்.

என்னுடைய வாதம் அவ்வளவு ஒழுங்கானது இல்லை. அந்த நாட்களில் அம்மா உயிரோடு இருந்தார். மாலையில் தொலைக்காட்சிக்கு முன்னால் நிலத்தில் இருந்து, சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டிருப்பார். கெய்ரோவைக் காட்டினார்கள். இராணுவத்தின் ஹெலிகள் பெரிய தேசியக் கொடிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சதுக்கத்தின் மேலே வட்டமிட்டன. கீழே சனம் பச்சை லேசர் விளக்கை அவற்றின் மேல் அடித்து ஆரவாரம் செய்தது. ஹெலிச் சத்தம் கேட்டதும் அம்மாவின் கை நின்றது. அவர் திரையைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். 1990இல் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டைக் காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் கிணற்றடி வேம்புக்குப் பக்கத்தில் தென்னங்குற்றி போட்டு மூடிய பங்கருக்குள் எங்களைத் தள்ளிவிட்டு, கடைசியாகத் தான் இறங்குகிறவர். சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்த பிறகுதான் திரையைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தச் சனம் ஏன் ஓடாமல் நிற்கிறது?"

இதை விவாதத்தில் சொல்ல முடியாது, இது சான்று இல்லை என்கிறாள் பெறாமகள். அவள் 2006இல் பிறந்தவள். சரிதான். சான்று உள்ளவர்கள் சொல்லுங்கள். அந்தத் தடித்த இடத்தில் கடைசியாக எதை எழுதுவது?


கரும்பலகை:

ஐயா, இருபது வருடமாக இந்தப் பாடம் படிப்பிக்கிறேன், இந்தக் கேள்வி வருடத்துக்கு ஒரு தரமாவது வகுப்பில் வரும். பிள்ளையிடம் சொல்லுங்கள்: ஜூன் 30 ஒரு நாள், ஜூலை 3 வேறு நாள். இரண்டையும் ஒரே கயிற்றால் கட்டுவதால்தான் கொப்பி தடிக்கிறது.

ஜூன் 30இல் இறங்கிய சனம் கேட்டது என்ன? முன்கூட்டிய ஜனாதிபதித் தேர்தல். தமரூத் துண்டிலேயே அது இருக்கிறது. ஜூலை 3இல் கிடைத்தது என்ன? அரசியலமைப்பு இடைநிறுத்தம், ஜனாதிபதி தடுப்புக் காவலில், அரசியலமைப்பு நீதிமன்றத் தலைவர் அத்லி மன்சூர் இடைக்கால ஜனாதிபதி. அறிவித்தவர் பாதுகாப்பு அமைச்சர் ஜெனரல் அப்தெல் பத்தா அல்-சிசி. அவரை அந்த அமைச்சில் வைத்தவர் வேறு யாருமில்லை, முர்ஸிதான், 2012 ஆகஸ்டில். கேட்டதும் கிடைத்ததும் வேறு வேறாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்தும்?

ஒட்டிப் பேச நேர்ந்தால் ஒரு நல்ல பிடி இருக்கிறது, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். சனத்துக்கு வேறு வழி இருந்ததா என்று எதிரணி கேட்கும். 2012 அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரையில் குற்றப் பிரேரணைக்கு வழி இருந்தது: பிரதிநிதிகள் சபையில் மூன்றில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டுக் கொண்டுவர வேண்டும், மூன்றில் இரண்டு பங்கினர் நிறைவேற்ற வேண்டும். ஆனால் அந்தச் சபையை நீதிமன்றம் 2012 ஜூனிலேயே கலைத்துவிட்டது, 2013 ஜூன் வரை புதிய சபைக்குத் தேர்தல் நடக்கவில்லை. பூட்டு இருக்கிறது, திறப்பும் இருக்கிறது, கதவுதான் இல்லை. அப்படியொரு நாட்டில் சனம் வீதிக்கு வந்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெட்டிப் பேச நேர்ந்தால் மேடையைக் காட்டச் சொல்லுங்கள். ஜூலை 3 இரவு சிசி பேசும்போது அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் தலைமை இமாமும் எகிப்தியக் கிறிஸ்தவர்களின் கொப்டிக் திருச்சபைப் பாப்பரசரும் எதிரணித் தலைவர் எல்பரதேயும் கூட இருந்தார்கள். 2011 அக்டோபரில் கெய்ரோவின் மாஸ்பெரோவில் கொப்டிக் ஊர்வலத்துக்குள் கவச வாகனங்களை ஓட்டி இரண்டு டசினுக்கு மேற்பட்டவர்கள் சாகக் காரணமாயிருந்தது இதே இராணுவம். "இராணுவ ஆட்சி ஒழிக" என்று 2011இன் கடைசியில் தஹ்ரீர் சதுக்கத்தில் கத்தினார்கள். இருபது மாதத்தில் அது "படையும் மக்களும் ஒரே கை" என்று மாறியது. எல்பரதே உப ஜனாதிபதியானார். ஆகஸ்ட் 14இல் ராபியா அல்-அதவியா சதுக்கத்தில் கூடியிருந்த முர்ஸி ஆதரவாளர்களைக் கலைத்தார்கள். ஆகக் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வோச் கணக்கு. அன்றே எல்பரதே பதவி விலகினார்.

பெயர் வைப்பதில் காசும் இருக்கிறது. அமெரிக்கா கடைசிவரை அதைச் சதிப்புரட்சி என்று சொல்லவில்லை. சொன்னால் அவர்களுடைய சட்டப்படி உதவியை நிறுத்த வேண்டும். எகிப்திய இராணுவத்துக்குப் போவது வருடத்துக்கு 130 கோடி டொலர்.

இன்னொன்று. ஜூன் 30 தொடங்கி நான்கு நாளில் தஹ்ரீரில் ஆகக் குறைந்தது 91 பெண்கள் பாலியல் தாக்குதலுக்கு ஆளானதாக எகிப்திய அமைப்புகள் பதிவு செய்ததை ஹியூமன் ரைட்ஸ் வோச் வெளியிட்டது. மேலேயிருந்து ஹெலி எடுத்த படத்தில் கூட்டம் அழகாகத்தான் தெரியும். உங்கள் பெறாமகள் இதைச் சொல்வாளா மாட்டாளா என்பது அவள் விருப்பம். ஆனால் அறிந்துகொண்டு மேடை ஏறட்டும்.


வடமராட்சிக் கடலோடி:

அண்ணை, நான் வல்வெட்டித்துறை. படிப்புக் குறைவு, கப்பலில் தளத்து வேலையில் இருபத்திரண்டு வருடம். சூயஸ் கால்வாயை எத்தனை தரம் கடந்தேன் என்று எண்ணி வைக்கவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கால்வாய்க்குள் போகும்போது கயிறு கட்டுகிற எகிப்தியப் படகுக்காரர்கள் தங்கள் படகோடு கப்பலில் ஏறுவார்கள். கால்வாய் முடியுமட்டும் பெரிய வேலை இருக்காது. தளத்தில் துணி விரித்து பப்பைரஸ் படம், பித்தளை ஒட்டகம், தொலைபேசி அட்டை எல்லாம் விற்பார்கள். அவர்களிடம் பிளேன்ரீயும் சிகரெட்டும் கொடுத்தால் நாட்டு நடப்பு முழுவதும் கேட்கலாம்.

2013 பெப்ரவரியில் போர்ட் சயீத்தில் ஏறிய ஒருவர் என் வயதுக்காரர். ஜனவரி கடைசியில் அந்த ஊரில் கலவரம். அதற்கு முந்திய வருடம் உதைபந்தாட்ட மைதானத்தில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்த வழக்கில் 21 பேருக்கு மரண தண்டனை விதித்ததால் வந்த கலவரம். முர்ஸி கால்வாய்க் கரையில் உள்ள மூன்று மாகாணங்களுக்கும் அவசரகால நிலை போட்டு, இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஊரடங்கு என்றார். "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். "9 மணிக்குப் பந்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தோம்" என்றார். ஊரடங்கு நேரத்தில் நடுத்தெருவில் உதைபந்தாட்டம்! அங்கே நின்ற இராணுவப் பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். நான் நம்பவில்லை. ஊரடங்கில் படலையைத் திறந்தாலே என்ன நடக்கும் என்று தெரிந்த ஊர்க்காரன் நான். பிறகு கப்பல் செய்தித் தாளில் படம் பார்த்தேன், உண்மைதான்.

அதே ஆளை ஜூலை நடுப்பகுதியில் மறுபடி கண்டேன். முகம் முழுக்கச் சிரிப்பு. விற்கிற பெட்டியில் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் சிசியின் படம். ஜூன் முழுவதும் பெற்றோல் வரிசை, மின்வெட்டு, ஜூலை 3க்குப் பிறகு ஒரு வாரத்தில் எல்லாம் சரி என்றார். ஒரு வாரத்தில் எப்படிச் சரியாகும் என்று எங்கள் இரண்டாவது இஞ்சினியர் கேட்டார், அவர் கேரளாக்காரர், எதையும் சும்மா விடமாட்டார். படகுக்காரர் தோளைக் குலுக்கினார். அந்த வாரத்தில்தான் சவூதி, அமீரகம், குவைத் மூன்றும் சேர்ந்து 1200 கோடி டொலர் தருவதாக அறிவித்தன. வரிசை மறைந்ததற்கு அது மட்டுமா காரணம், முன்னம் யாராவது இழுத்துப் பிடித்திருந்தார்களா என்று அங்கேயே பலர் கேட்டார்கள்.

மூன்றாம் தரம் 2014 முடிவில். சிசி அதற்கிடையில் நூற்றுக்கு 97 அளவில் வாக்கு எடுத்து ஜனாதிபதி. அதே ஆள், அதே பெட்டி. படம் இல்லை. நாட்டு நடப்பைக் கேட்டேன். கப்பலை ஓட்டுகிற மேல்தளப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒட்டகம் வாங்குகிறாயா?" என்றார். வாங்கினேன். இப்போதும் வீட்டில் சாமிப் படத் தட்டுக்குக் கீழே நிற்கிறது.


மூன்றாம் குறுக்குத்தெரு:

எல்லோரும் அருமையாக எழுதுகிறீர்கள். ஆனால் ஒரு வாசம் எனக்குப் பிடிக்கவில்லை. வீதிக்கு வந்த சனம் ஏமாளிகள், பின்னால் இருந்து யாரோ நூல் இழுத்தார்கள் என்ற வாசம்.

நான் 2022இல் வெள்ளவத்தையில் அறை எடுத்து வேலை செய்தவன். ஏப்ரல் 9இல் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டதிலிருந்து வேலை முடிந்து அனேகமாக ஒவ்வொரு மாலையும் போயிருக்கிறேன். ஜனாதிபதி கோட்டாபய 2019இல் நூற்றுக்கு 52 எடுத்து வந்தவர். முர்ஸி எடுத்ததும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். யாழ்ப்பாணம் அவருக்குப் போடவில்லை என்பது வேறு கதை. ஊரில் இருந்து அப்பா தொலைபேசி எடுத்து, "அவர்களுக்கு எரிவாயு இல்லை என்றதும் வந்துவிட்டார்கள். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் இருக்கிறார்கள், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நீ எதற்கு அங்கே போகிறாய்?" என்று கேட்பார். என்னிடம் பதில் இருக்கவில்லை. மே 18 அன்று திடலில் முள்ளிவாய்க்காலுக்கு விளக்கேற்றி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். சிங்களப் பிள்ளைகள் சிரட்டையைக் கையில் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக் குடித்தார்கள். அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை, ஆனால் அந்தப் படத்தை மாமாவுக்கு அனுப்பியிருக்கிறார்.

எகிப்தோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால் சரியாக ஒப்பிடுங்கள். இங்கே படைத் தளபதி தொலைக்காட்சியில் வந்து கெடு கொடுக்கவில்லை. ஜூலை 9இல் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போனது, 13ஆம் திகதி அதிகாலை கோட்டாபய விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் போனார், மறுநாள் சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் பதவி விலகினார், 20ஆம் திகதி பாராளுமன்றம் 134 வாக்கால் ரணிலை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. பிடிக்கிறதோ இல்லையோ, அரசியலமைப்பில் இருக்கிற வழி. 22ஆம் திகதி விடியமுன்னம் திடலுக்குள் படை புகுந்து கூடாரங்களைப் பிய்த்தெறிந்ததும் உண்மைதான். என் நண்பன் ஒருவனுக்குக் கையில் ஏழு தையல். ஆனால் அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

தங்கச்சி ஒட்டிப் பேசினால், தோற்ற புரட்சியைக் காட்டி வீதியையே மூடக்கூடாது என்று சொல்லட்டும்.


பனங்கூடல்:

எல்லோருக்கும் நன்றி. இரவு எல்லாப் பதில்களையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ரீச்சரின் கதவுக் கதையை உடனே குறித்துக்கொண்டாள்.

தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். சனம் ஏமாளி என்று நான் சொல்லவில்லை. 2022 ஜூலை 9இல் நானும் வீதியில்தான் நின்றேன், ஆனால் பெற்றோல் வரிசையில். அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் பெற்றோல் என்று அறிவித்திருந்த நாட்கள் அவை. ஆனாலும் பவுசர் வருகிறது என்று ஒரு கதை வந்து, கொக்குவில் பக்கம் இரவே மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் விட்டேன். எனக்கு முன்னால் 140 வரை இருக்கும். பத்தடி தள்ளித் துவக்கோடு ஓர் இராணுவப் பையன். பிற்பகலில் யாரோ ஒருவரின் தொலைபேசியில் ஜனாதிபதி மாளிகை நீச்சல் தடாகத்தில் சனம் குதிக்கிற படம் வந்தது. வரிசை குலைந்து எல்லோரும் அந்தத் தொலைபேசியைச் சுற்றிக்கொண்டோம். அந்தப் பையனும் வந்தான். எட்டிப் பார்க்க உயரம் போதவில்லை. கேட்டு வாங்கி, துவக்கைத் தோளில் சரித்துவிட்டு, இரண்டு தரம் போட்டுப் பார்த்தான். சிரித்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைக் காட்டி எங்களை மறுபடி வரிசையில் நிற்கச் சொன்னான். நின்றோம். பவுசர் வரவில்லை.

அதற்கு மூன்று கிழமைக்கு முன்னர், ஜூன் 18 இரவு, விசுவமடுவில் இதே போன்ற வரிசையில் குழப்பம் வந்தபோது இராணுவம் சுட்டது. பொதுமக்கள் நால்வர், படையினர் மூவர் காயம். அதனால் பையன் பக்கத்தில் வந்தபோது எனக்கு முன்னால் நின்றவர் பேச்சை நிறுத்திவிட்டு ஓரடி விலகினார். நானும் விலகினேன். அவன் சிரித்த பிறகும் பழைய இடத்துக்கு வரவில்லை. கெய்ரோவில் ஓடாமல் நின்ற சனத்தை அம்மா ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்கு அன்றுதான் முழுவதும் விளங்கியது. தம்பி சொல்வது போல நம்முடையதும் அவர்களுடையதும் ஒன்றில்லைத்தான். ஆனால் தளபதி கெடு கொடுக்காததை நான் ஒரு கொடுப்பினையாக எண்ணிக்கொள்கிறேன், உத்தரவாதமாக எண்ணவில்லை.

விசுவமடுவைக் கேட்டதும் பெறாமகள் பேனாவை வைத்துவிட்டாள். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. சில வருடம்தான், அதற்குள் பாடப் புத்தகத்துக்கு வெளியே போய்விட்டது. கொப்பியின் அந்தத் தாளையே கிழித்துவிட்டு, புதுத் தாளில் ஜூன் 30 என்று ஒரு பக்கமும் ஜூலை 3 என்று மறுபக்கமும் எழுதியிருக்கிறாள். நடுவில் மூன்று கோடு இடம் விட்டிருக்கிறாள். ஜூலை 1க்காம். கெடு கொடுத்த நாள், ஹெலி பறந்த நாள். சனம் அன்று ஆரவாரம் செய்யாமல் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று என்னைக் கேட்கிறாள். எனக்குத் தெரியாது என்றேன்.

கடலோடித் தம்பி, ஒட்டகக் கதையை மேடையில் சொல்லலாமா என்று கேட்கிறாள்.


வடமராட்சிக் கடலோடி:

சொல்லட்டும் அண்ணை. என் பெயர் வேண்டாம், படகுக்காரர் எந்த ஊர் என்பதும் வேண்டாம். அவர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்.